கேட்டருகே திரும்பி நிற்பவர்கள்

என் செல்ல ராசாவுக்கு அம்மா எழுதுவது.

முதலில் என்னை மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்று பேசும்போது அவர்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள், நமக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது என்று. உன் அப்பா வேறு என் தோளுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டானா கேளு, இருமல் விட்டுச்சா கேளு என்று தூண்டிக்கொண்டே இருப்பார், ரிசீவரைக் கையில் கொடுத்தால் மட்டும் ம், சரி, வெச்சிடறேன் என்று முடித்துவிடுவார். அங்கே வைத்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நான் பேசத் தெரியாதவள், உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வார்த்தை வரும். இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டே இருக்கிறது. என் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கைக்குப் பரீட்சை முடிந்தது, நன்றாக எழுதினேன் என்கிறாள், ஆனால் கேள்வித்தாளை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறாள், மீதியை நீயே புரிந்துகொள். குளியலறைக் குழாய் சொட்டுவதை அப்பா ஒருவழியாக நிறுத்தினார். வேலைக்குப் போன காலமெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்ன மனிதர், இப்போது வீட்டில் எது ஆடுகிறது, எது ஒழுகுகிறது என்று ஸ்க்ரூடிரைவரோடு தேடிக்கொண்டு திரிகிறார். ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவைக் கழற்றி மாட்டினார், இப்போது அது மூடுவதில்லை. ஸ்ட்ரைக் சீக்கிரம் முடியலேன்னா நமக்கு வீடு மிஞ்சாதும்மா என்கிறாள் உன் தங்கை. சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஸ்ட்ரைக் இரண்டு மாதத்தைத் தொடப் போகிறது. ஒரு பாட்டில் மிஷினுக்கு மூன்று பேர் நின்ற இடத்தில் இனி இரண்டு பேர் போதும் என்றார்கள், அப்படி நின்ற முதல் வாரத்திலேயே நாலாம் மிஷின்காரருக்கு வலது கை வெந்துபோனது. நீ சின்னவனாக இருந்தபோது உனக்குக் கண்ணாடித் துண்டில் மீன் செய்து கொடுத்தாரே, அவர்தான். பழையபடி மூன்று பேர் நிற்கட்டும் என்பதுதான் சங்கம் கேட்பது. இதற்கு முன்னால் இங்கே ஸ்ட்ரைக் வந்தபோது நீ பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளை, கம்பெனி உன்னை அந்த ஊர் ஆலைக்கு மாற்றுவதற்கு முன்னால் நீ அப்பாவோடு உலையில் வேலை பழகிய இரண்டு வருஷமும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் கேட்டில் நடப்பதை நீ கண்ணால் பார்த்ததில்லை. நம் ஆலைக்கென்று ஒரு முறை இருக்கிறது. கத்துவது, கையை ஓங்குவது எல்லாம் பிறகு. முதலில் நிற்கிற விதம். உலையைக் காக்கப் போகிறவர்கள் வந்தால் கேட்டில் இருப்பவர்கள் எழுந்து அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்பார்கள், தோளில் ஈரத்துண்டு போட்டு அனுப்புவார்கள். என்னைப் போல ஆபீஸ் ஆட்கள் போனால் தரையைப் பார்ப்பார்கள், நாங்கள் சங்கத்தில் சேர முடியாதவர்கள், எங்கள்மேல் கோபமும் இல்லை, உறவும் இல்லை. ஸ்ட்ரைக்கை உடைக்க வேலைக்கு உள்ளே போகிறவன் வந்தால் அத்தனை பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். ஒரு சொல் பேச மாட்டார்கள்.

அந்தத் தரையைப் பார்க்கிறவர்களில் உன் அப்பாவும் ஒருவர் என்பதை நினைத்துப் பார். காலையில் ஒரே அடுப்பில் போட்ட டீயைக் குடித்துவிட்டு அவர் முன்னால் போய் கேட்டில் உட்கார்ந்துவிடுவார், நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போவேன். அவர் குனிந்துகொள்வார். கட்டின புருஷன் என்னைப் பார்த்துத் தலை குனிகிறாரே என்று முதல் நாள் ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, உன் இடது செருப்பு வார் பிய்யப் போகுது, காலையில பாத்தேன், கழட்டு, தெச்சுத் தரேன் என்பதுதான். அதற்குப் பிறகு அழவில்லை. தினமும் செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன், அவர் பார்க்கப் போகிறது அதைத்தானே.

உலையைக் காக்கிற விஷயம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அதைப் பெரியம்மா என்று கூப்பிடுவதும், பெரியம்மாவுக்கு இன்னிக்குக் கோபம், பெரியம்மா பசிக்கிறாங்க என்று நீ வீட்டில் வந்து சொல்லுவதும் என் காதில் இன்னும் இருக்கிறது. அவள் அணைந்தால் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பு கல்லாகிவிடும், அப்புறம் உலையை இடிப்பதைத் தவிர வழியில்லை, ஆலையும் இல்லை, வேலையும் இல்லை. அதனால் எத்தனை பெரிய சண்டையிலும் ஷிஃப்டுக்கு ஆறு பேரைச் சங்கமே உள்ளே அனுப்பும். பாட்டில் செய்ய மாட்டார்கள், தீயை மட்டும் காப்பார்கள். அப்பாவுக்கும் முறை வரும். அந்த நாட்களில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போவதைப் பார்ப்பேன், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இந்த வாரம் மேனேஜர் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, இனிமே தீ காக்க யாரும் வர வேண்டாம், நாங்க பாத்துக்கறோம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மாவை அணைச்சிட்டு ஆலையையே மூடப் போறாங்களோ என்று வாயில் வைத்த உருண்டையை வைத்தபடியே கேட்கிறார். எனக்குத் தெரியும் அவர்கள் அணைக்கப் போவதில்லை என்று. தெரிந்துகொண்டே தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்துகிறேன்.

எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். காலிப் பாட்டில் வைக்கிற கோடவுனைக் கழுவிவிட்டுக் கட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். புதுப் பக்கெட், புதுப் போர்வை. கேன்டீனில் சமைக்கிறவர் என்னிடம் வந்து, அக்கா, ஸ்டாஃபுக்கு மட்டும் சமைச்சிட்டு ஈ ஓட்டிட்டு இருந்தேன், இப்ப பெரிய அண்டாவை எடுத்துத் தேய்ங்கறாங்க, பேய்களுக்கா சமைக்கப் போறேன் என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. மறுநாள் வருகைப் பேப்பரில் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். நான் நிற்பதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் அங்கே எனக்கு இருக்கிற பெயர் வாயில்லாப் பூச்சி. நாற்காலியின் முன்னால் பேசுகிற மாதிரி என் முன்னால் பேசுவார்கள். அந்தப் பக்கம் இருந்தது உங்கள் ஆலை மேனேஜர். உலை தெரிஞ்ச பசங்களா இருபது பேர் வேணும், ஊர்ப் பேரு சொல்ல வேண்டாம், ஸ்பெஷல் டூட்டி, ரெட்டைச் சம்பளம், மாத்துத் துணி எடுத்துக்கோங்கன்னு மட்டும் சொல்லி பஸ்ல ஏத்துங்க, உள்ள வந்து கேட்டைப் பூட்டினப்புறம் தெரிஞ்சா போதும் என்றார். மாசக் கடைசிக்குள்ள வந்துடணும் என்றார். அப்புறம்தான் அந்த வார்த்தை. இங்கேயே பழகின பையன் ஒருத்தன் உங்ககிட்ட இருக்கான் பாருங்க, அவனை முதல்ல ஏத்துங்க, இந்த உலையோட இருமல்கூட அவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, என்னம்மா, உங்களுக்கும் பையனைப் பாத்த மாதிரி ஆச்சு என்று சிரித்தார்.

நான் தலையாட்டிவிட்டேன். வேண்டுமென்று ஆட்டவில்லை. யார் எது சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை, அதுவாக ஆடிவிட்டது. அவர் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார், அதற்கும் ஆட்டினேன். வெளியே வந்து நடைபாதையில் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லலாம்தானே என்று நீ கேட்பாய். சொன்னால் அவர் சங்கத்தில் சொல்லாமல் இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. சங்கம் ரோட்டை மறிக்கும். கேட்டுக்கு எதிரே இப்போதே ஒரு போலீஸ் வண்டி நிரந்தரமாக நிற்கிறது, அதற்குள் இருப்பவர்கள் தடியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். போன ஸ்ட்ரைக்கில் இப்படித்தான் ரோட்டில் தள்ளுமுள்ளு வந்து யாரோ வீசிய கல் லாரி டிரைவரின் கண்ணில் பட்டது. திரும்பி நிற்பதுதான் நம் முறை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆயிரம் பேரில் ஒருவனுக்கு அன்று காலையில் வேறு மாதிரித் தோன்றினால் போதும். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருப்பாய், உனக்கு ஜன்னல் என்றால் உயிர். இதையே நினைத்து நினைத்து இரண்டு நாளாக எந்தக் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்கிறேன், பாட்டில் ஆலை பக்கத்தில் குடியிருந்துகொண்டு இது எப்பேர்ப்பட்ட வியாதி பார். சாப்பிடும்போது சுற்றி வளைத்து உன் அப்பாவிடம் கேட்டேன், ஒருவேளை வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தால், அதில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. தெரிஞ்சவன்னா இன்னும் சீக்கிரமா திரும்பிடணும், முகத்தைப் பாத்துட்டா அப்புறம் திரும்ப முடியாது என்றார். யாரை நினைத்துக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. கையைக் கழுவிவிட்டு அலமாரிக் கதவைச் சரி பண்ணப் போய்விட்டார்.

ராசா, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா இந்த ஊருக்கு வேலை தேடி வந்தார் என்றுதான் உனக்குத் தெரியும். அவர் தேடி வரவில்லை, ஏற்றி வரப்பட்டார். இந்த ஆலையின் முதல் பெரிய ஸ்ட்ரைக் அப்போது நடந்துகொண்டிருந்தது, எட்டு மணி நேர ஷிஃப்ட் வேண்டும் என்று. அவருக்கு அது தெரியாது, கட்டட வேலை, சாப்பாடு போடுவோம் என்று சொல்லி நாற்பது பேரை லாரியில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிக் கொண்டுவந்தார்கள். லாரி ஓரிடத்தில் மெதுவாகப் போனதும் அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம், அத்தனை பேரும் முதுகு. இத்தனை பேர் இருந்தும் ஒரு முகம்கூட இல்லையேம்மா, அடிச்சிருந்தாக்கூட முகம் பாத்து அடிச்சிருப்பாங்க என்று சொல்லுவார். உள்ளே போனதும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உலை நிற்காமல் ஓடியது, ஒரு மாதத்தில் ஸ்ட்ரைக் உடைந்தது. வெளியே நின்றவர்கள் பசியோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள், பல பேரைத் திரும்ப எடுக்கவே இல்லை. கூட வந்தவர்கள் ஓடிப்போனார்கள், போக இடமில்லாத என் அப்பா இங்கேயே இருந்துவிட்டார். அவரோடு உலையில் நின்றவர்கள் ஒரு கருவியைக்கூட அவர் கையில் கொடுக்க மாட்டார்களாம், தரையில் வைத்துக் காலால் தள்ளுவார்களாம். கருங்காலி என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சின்ன வயசில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பேன். டீக்கடை வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்புவார்கள். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். பெரியவளான பிறகு, விசுவாசமான தொழிலாளியின் பிள்ளை என்று என்னைக் கம்பெனியே காலேஜுக்கு அனுப்பியது, வருகை குறிக்கிற டைம் ஆபீஸில் வேலையும் கொடுத்தது. நம் இரண்டு வீட்டிலும் முதல் பட்டம் என்னுடையது. அந்தக் கறுப்பு அங்கி போட்டோவைப் பார்த்து, எதையோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கிறியேம்மா என்று கிண்டல் பண்ணுவாயே, நீ விளையாட்டாகச் சொன்னது எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. எதற்கும் நான் வாய் திறக்காமல் போனதும் அங்கேயிருந்துதான் என்று நினைக்கிறேன்.

உன் அப்பாவைப் பெற்றவர் அன்று முதுகு காட்டி நின்ற கூட்டத்தில் இருந்தவர். வேலைக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்து தாமதச் சீட்டு கேட்கிற சாக்கில் என் மேஜைக்கு முன்னால் நின்று நின்றே உன் அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். என் மாமனார் கல்யாணத்துக்கு வரவில்லை. நீ பிறந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார், மாமனார் வருவதைப் பார்த்ததும், அந்த மனிதருக்கு எதற்குச் சிரமம் என்று தானே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார் கிட்டே வந்து, இந்தப் பக்கம் திரும்பு, குழந்தை மூஞ்சி தெரியல என்றார். கட்டிலில் படுத்திருந்த எனக்குக் கதவு வழியாகத் தெரிந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது உன்னால்தான். அப்படிப்பட்ட பிள்ளையை அந்தக் கேட்டின் வழியாகவே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

நடந்ததெல்லாம் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. நீ வளர்ந்த பிள்ளை, உன் வேலை உன் கையில், என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உலைக்கிட்டே நிற்கும்போது கழுத்தில் துண்டு இல்லாமல் நிற்காதே. உப்புப் போட்ட தண்ணீர் குடி. ரூமில் கூட இருக்கிறவனோடு சண்டை என்று சொன்னாயே, விட்டுக்கொடுத்துப் போ, அவன் குறட்டை விடுகிறான் என்றால் நீ தூக்கத்தில் பேசுகிறவன். தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது, அண்ணனுக்கு என்னை நினைப்பே இல்லை என்று சொல்லிக்காட்டுகிறாள். இந்தக் கடிதத்தை ஆலைக்கு எதிரே இருக்கிற பெட்டியில் போடப் பயமாக இருக்கிறது, ரயிலடி வரைக்கும் நடந்துபோய்ப் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. கண் திருஷ்டி படாமல், கையில் காலில் சூடு படாமல், நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு அப்பாவின் ஆசியும் உண்டு, அவரைக் கேட்காமலே எழுதுகிறேன்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

கையெழுத்தும் போட்டாயிற்று. பசை எடுக்கப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றைக் கேட்காமல் மடிக்க மனசு வரவில்லை. நீ அந்த பஸ்ஸில் ஏற மாட்டாய், அது எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்கு என்று சொன்னால் உலைப் பக்கம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று உனக்கு ஒரு பொய்யைக்கூட யோசித்து வைத்தேன். ஆனால் நீ மட்டும் ஒதுங்கிக்கொண்டால் உன் இடத்தில் இன்னொரு பையனை ஏற்றுவார்கள். அவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வண்டி எங்கே போகுதுன்னு சொல்லியிருந்தா நடுரோட்டுலயே குதிச்சு நடந்திருப்பேன்மா என்று என் அப்பா சாகிறவரைக்கும் சொன்னார். அதனால் மற்றப் பையன்களிடம் சொல். எல்லோரிடமும் சொல். யார் சொன்னது என்று கேட்பார்கள், ஆள் தெரியாத பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள், அப்போது என்னை நினைத்துத் தயங்கி நிற்காதே. என் வேலை போகும். அப்பாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருவதற்குள். யார் சொன்னது என்று கேட்டால், அந்த டைம் ஆபீஸில் இருக்கிற எங்கம்மா சொன்னாங்க என்று என் பெயரைச் சொல்லிவிடு.